துணைக்கு ஒரு சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் வாரம் தவறாமல் சைக்கிள் மிதிப்பவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்தோடு விட்டவர். சேர்ந்து போகலாம் என்று ஆசையாக ஒரு சைக்கிள் வாங்குகிறார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறது. அப்புறம் அது பால்கனியில் நின்று துணி காயவைக்கப் பயன்படுகிறது. குறை பெரும்பாலும் ஓட்டுபவரிடம் இருப்பதில்லை. அமைத்துக் கொடுத்தவர் தன் உடம்புக்கும் தன் பழக்கத்துக்கும் எது சரியோ அதையே துணைக்கும் செய்துவிடுகிறார். புதிதாக ஓட்டுபவருக்கு வேண்டியது இரண்டுதான்: நினைத்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும், நின்றதும் கால் ஊன்ற வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டைச் சுற்றித்தான். சென்னையையும் கடலோரச் சமவெளியையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்; ஊட்டி, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் கியர் பற்றிய பதிலை மட்டும் கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளவும்.

என் பழைய சைக்கிளை மனைவிக்குக் கொடுத்துவிட்டு, நான் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

உங்கள் மனதில் எந்த சைக்கிள் ஓடுகிறது என்று தெரிகிறது. ஆனால் பதில், பெரும்பாலும், வேண்டாம்.

ஒரு சைக்கிளில் சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஹேண்டில்பாரை மாற்றலாம். டயர், கியர், பெடல் எல்லாம் மாற்றலாம். மாற்ற முடியாதது ஃபிரேமின் அளவு ஒன்றுதான். நீங்கள் ஐந்தடி ஒன்பது அங்குலம், அவர் ஐந்தடி ஒன்று என்றால் உங்கள் ஃபிரேம் அவருக்கு உயரத்தில் மட்டுமல்ல, நீளத்திலும் பெரிது. சீட்டை அடிமட்டம் வரை இறக்கினாலும் ஹேண்டில்பார் எட்டாமல் கை விறைத்துப் போகும். கை விறைத்தால் தோள் இறுகும், தோள் இறுகினால் ஹேண்டில் ஆடும். பார்ப்பவர்கள் அதைப் பயம் என்பார்கள்.

சோதனை எளிது. ஷூ போட்டுக்கொண்டு சைக்கிளின் இரு பக்கமும் கால் வைத்து, சீட்டுக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். நடுக் குழாய்க்கும் உடம்புக்கும் இடையில் குறைந்தது நாலு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த சைக்கிள் அவருக்கில்லை. இருவர் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் தாராளமாகக் கொடுங்கள், புதியதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வகை ஃபிரேம் நல்லது? லேடீஸ் சைக்கிள்தான் வேண்டுமா?

நடுக் குழாய் தாழ்ந்த ஃபிரேம்தான் என் முதல் தேர்வு, ஆணுக்கும் பெண்ணுக்கும். காரணம் உடை மட்டும் அல்ல. திடீரென நிற்க நேர்ந்தால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க அங்கே இடம் இருக்கிறது; குழாயில் இடித்துக்கொள்வோமோ என்ற எண்ணமே வராது. பள்ளிக்கூட நாட்களில் லேடி பேர்டு ஓட்டியவர்களுக்கு உடம்பு இதை மறந்திருக்காது. அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பில் இலவச சைக்கிள் வாங்கியவர்களும் அப்படித்தான்.

அதற்காக உயர்ந்த குழாயுள்ள சைக்கிளைப் பெண்கள் ஓட்ட முடியாது என்றில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது: முன் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். ஆக, எது வசதி என்பதை ஓட்டப்போகிறவர் சொல்லட்டும். கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்தநாள் பரிசாகத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தும் சைக்கிள்கள்தான் அதிகம் பால்கனிக்குப் போகின்றன.

சீட் எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்? "கால் எட்டவில்லை" என்கிறார். நானோ உயரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் வைத்தேன்.

உங்கள் கணக்கும் சரி, அவர் சொல்வதும் சரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இங்கேதான் வந்து முட்டுகிறது.

சுவரோடு முதுகைச் சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே உள்ளே, சீட்டில் உட்காருவது போல அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள அளவுதான் உள்கால் நீளம். அது 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் இதை 0.883 ஆல் பெருக்குவார்கள், 61.8 வரும். பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, குழாயின் சாய்வோடு அளந்தால் அவ்வளவு இருக்க வேண்டும். மிதிக்க இது அருமையான உயரம். முட்டிக்கும் நல்லது.

ஆனால் அந்த அச்சே தரையிலிருந்து 28 செ.மீ. பக்கம் உயரத்தில் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் சீட் தரையிலிருந்து ஏறக்குறைய 87 செ.மீ. அவருடைய கால் நீளம் 70. எக்கி நின்றாலும் 80 தாண்டாது. "எட்டவில்லை" என்பது அங்கலாய்ப்பு இல்லை, கணக்குதான். அவர் ஓட்டிப் பழகிய ஸ்கூட்டரின் சீட் 76, 77 செ.மீ. அளவில்தான் இருந்திருக்கும். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றியே பழகியவர் அவர்.

எனவே முதலில் 12 செ.மீ. பக்கம் இறக்கிவிடுங்கள். இரண்டு முன்பாதமும் தரையில் நன்றாகப் பதியட்டும். மிதிக்கும்போது முட்டி உயர மடங்கும், பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தெருவில் கால் மணி நேரம் சுற்ற இது போதும். பயம் தெளிந்ததும் அவரே "தொடை வலிக்குதுங்க" என்பார். ஏற்ற வேண்டிய நேரம் அதுதான். ஒரு தடவைக்கு ஒரு செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஏற்றும் முன்பே, அதுவரை இருந்த இடத்தில் சீட் தண்டின் மேல் எலக்ட்ரிக் டேப் ஒரு சுற்று ஒட்டிவைத்தால், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். தண்டில் ஒரு கோடும் அதற்குமேல் இழுக்காதே என்ற எச்சரிக்கையும் இருக்கும்; அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

இங்கே பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது: நிற்கும் முறை. சீட்டில் உட்கார்ந்தபடியே கால் ஊன்றப் பார்க்கிறவரை சீட்டை ஏற்றவே முடியாது. வேகம் குறையும்போது ஒரு மிதியை அடியில் கொண்டுவந்து, அதன்மேல் எழுந்து நின்று, சீட்டுக்கு முன்னால் இறங்கி, மறு காலைத் தரையில் வைக்க வேண்டும். நம் ஊரில் இடது ஓரம் போவதால் இடது கால் தரைக்கு, வலது கால் மிதியில். கிளம்பும்போது வலது மிதியை, கடிகாரத்தில் 2 மணி காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து ஒரே அழுத்து; உடம்பு தானாக சீட்டுக்கு ஏறிவிடும். மொட்டை மாடியிலோ காலி மைதானத்திலோ இதை மட்டும் தனியாகப் பழகட்டும். இது கைவந்துவிட்டால் சீட் உயரம் பற்றிய சண்டையே இருக்காது.

பள்ளி நாட்களில் இடது மிதியில் கால் வைத்து, தத்தித் தத்தி ஓடி ஏறிப் பழகியவர்கள் அப்படியே ஏறட்டும். தாழ்ந்த குழாயில் அது அழகாக வரும். "அப்படி ஏறக் கூடாது" என்று திருத்தப் போகாதீர்கள்.

பிரேக் பிடிக்கவே பயப்படுகிறார். முன் பிரேக் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்கிறார்.

முதலில் அவர் கையைப் பாருங்கள். கடையிலிருந்து வரும் சைக்கிளில் பிரேக் லீவர் பெரிய கைக்கு ஏற்றபடி பிடியிலிருந்து தள்ளித்தான் நிற்கும். சிறிய விரல்கள் அதை எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கை பிடியை விட்டு எழும். ஹேண்டிலை விட்டுத்தான் பிரேக் பிடிக்க முடியும் என்றால் யார்தான் பிடிப்பார்கள்?

பிரேக் லீவரின் உட்பக்கம், கேபிள் நுழையும் இடத்துக்கு அருகே ஒரு சின்ன திருகு இருக்கும். சிலவற்றில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சிலவற்றில் 2 மிமீ ஆலன் கீ போதும். அதை உள்ளே திருகத் திருக லீவர் பிடியை நோக்கி வரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவர்மேல் இயல்பாகப் படிய வேண்டும், அதுவரை திருகுங்கள். லீவர் உள்ளே வந்ததால் கேபிள் சற்று இழுபடும்; ரப்பர் கட்டை ரிம்மில் உரசினால் கேபிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழு பலத்தில் அழுத்தும்போது லீவர் பிடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கேபிளைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் லீவரின் கிளாம்பைத் தளர்த்தி அதன் சாய்வைச் சரிசெய்யுங்கள்: முன்கையும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், மணிக்கட்டு மேலே மடியக் கூடாது. மொத்தம் பத்து நிமிட வேலை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போடும் எந்த உதிரிப் பாகமும் தராத தைரியத்தை இது தரும்.

கேபிள் பழையதாகி உள்ளே துருப்பிடித்திருந்தால் எவ்வளவு திருகினாலும் அழுத்தம் கேட்கும். உள்கம்பி, வெளி உறை இரண்டையும் மாற்றிவிடுங்கள். ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பளபளவென்று இறுகியிருந்தால் அதையும்.

இனி எந்தக் கை எந்த பிரேக் என்ற விஷயம். நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் மாறியிருக்கும். கேபிளை மாற்றி மாட்டித் தரச் சொல்லலாம். ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் கட்டாயமானதால் இப்போதைய ஸ்கூட்டர்களில் இடது லீவரைப் பிடித்தாலே முன் சக்கரமும் சேர்ந்து நிற்கிறது. இடதை மட்டும் பிடித்தே பழகியவர் சைக்கிளிலும் அதையே செய்வார். சைக்கிளிலோ இடது என்றால் பின் சக்கரம் மட்டும். வண்டி நிற்க வேண்டிய தூரம் கூடும், மணலில் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு லீவரையும் ஒன்றாக, மெதுவாக, போகப்போக அழுத்தமாகப் பிடிப்பதைக் காலி இடத்தில் பழக்குங்கள். பிடிக்கும்போது உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் முன் சக்கரம் தூக்கிப் போடாது.

டிஸ்க் பிரேக் வாங்கினால் நல்லதா?

மழையில் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஓட்டப்போகிறார் என்றால் யோசிக்கலாம். ஆனால் மலிவான கேபிள் டிஸ்க்கை விட ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி-பிரேக், ஒழுங்காகக் கட்டியிருந்தால், மேல். தெருமுனை மெக்கானிக்கும் அதைச் சரிசெய்துவிடுவார்.

ஹேண்டில்பார் உயரம்?

சீட்டின் உயரத்துக்குச் சமமாக, அல்லது ஒரு சாண் மேலே. நிமிர்ந்து உட்கார்ந்தால் தெரு முழுக்கக் கண்ணில் படும், கைமேல் பாரம் விழாது. ஹேண்டில்பார் தன் பக்கம் வளைந்து வருவதாக இருந்தால் இன்னும் சுகம். காற்றை எதிர்த்துக் குனிந்து ஓட்டுவது உங்கள் ஆசை, அவருடையதல்ல.

பழைய முறை சைக்கிளில், ஹேண்டிலின் தண்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இறங்கியிருக்கும். மேலே உள்ள போல்ட்டை நாலு சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்பிடி விட்டுவிடும்; வேண்டிய உயரத்துக்கு இழுக்கலாம். அதிலும் எல்லைக் கோடு உண்டு. புது மாடல்களில் தண்டை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் ஓரிரு செ.மீ. உயரும், அதற்குமேல் என்றால் உயர்த்திக் கொடுக்கும் தனி உதிரிப் பாகம் வாங்க வேண்டும். எதைச் செய்தாலும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எதுவும் இழுபடவில்லையே என்று பார்த்துவிட்டே ஓட்டக் கொடுங்கள்.

சீட் வலிக்கிறது என்கிறார். மெத்தென்று ஜெல் கவர் போட்டும் வலி போகவில்லை.

ஜெல் கவர் முதல் பத்து நிமிடத்துக்கு அருமை. அப்புறம் உட்காரும் எலும்பு அதற்குள் அமிழ்ந்து, நடுவில் உள்ள மென்மையான பகுதியில் அழுத்தம் ஏறும். மரத்துப்போவது இதனால்தான். கவரைக் கழற்றுங்கள்.

வலி எங்கே என்று கேளுங்கள். அவர் கூச்சப்படாமல் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தானே. பின்பக்கம் இரண்டு எலும்பும் வலித்தால் அது பழக்கமின்மை, இரண்டு வாரத்தில் போகும். போகாவிட்டால் சீட் குறுகல். நிமிர்ந்து உட்காருபவருக்கு அகலமான சீட் வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக அதிகம் என்பதால் உங்கள் சீட்டில் உங்களுக்கு வலிக்காதது அவருக்கு வலிக்கும். முன்பக்கம் எரிச்சல் என்றால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. அடியில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி மட்டமாக வையுங்கள், தேவையானால் கடுகளவு கீழே. அதிகம் சாய்த்தால் முன்னால் வழுக்கிக் கை வலிக்கும். நடுவில் பள்ளம் வெட்டிய சீட் பலருக்கு ஒத்துப்போகிறது. சுடிதாருக்குள் பஞ்சு வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுவதும் உதவும்; வெளியே யாருக்கும் தெரியாது.

21 கியர் இருக்கிறது. எதை எப்போது போட வேண்டும் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்காதீர்கள். முன்னால் உள்ள மூன்று செயின் சக்கரங்களில் நடுவில் இருப்பதில் செயினைப் போட்டுவிட்டு, "இடது கைப்பக்கம் இருப்பதைத் தொடவே வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இனி ஏழு கியர்தான், ஒரே கை. ஊட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் தேவைப்படும்.

இப்படி முன்னால் மூன்று செயின் சக்கரம் உள்ள மாடல்களில் நடுவில் இருப்பது 34 பல் அளவில் இருக்கும். பின்னால் 20 பல் சக்கரத்தில் செயின் கிடந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம் வரும். தெருவில் பேசிக்கொண்டே போக அது போதும். அதிலிருந்து பின்னால் பெரிய சக்கரத்துக்குப் போகப்போக இலேசு, சின்னதுக்குப் போகப்போக பாரம். இவ்வளவு தெரிந்தால் சரி.

பழக்க வேண்டிய ஒரே பழக்கம், நிற்பதற்கு முன்பே இலேசான கியருக்கு வருவது. பாரமான கியரில் சிக்னலில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அலற, மிதி இறங்காமல் தடுமாறும் அந்த ஐந்து நொடியில்தான் பலர் சைக்கிளை வெறுக்கிறார்கள். மேம்பாலம் ஏறும் முன்பும் அப்படியே. பாதி மேட்டில் கியர் மாற்றினால் செயின் கடகடக்கும், சில நேரம் கழன்றும் விழும்.

டயரும் காற்றும்?

அகலமான, வழவழப்பான டயர். பட்டன் டயர் தார்ச் சாலையில் ஊளையிட்டுக்கொண்டே ஓடும், மிதிக்கவும் பாரம். மலைப்பாதைக்கென்று விற்கும் 26 அங்குல சைக்கிள் வீட்டில் இருந்தால் அதில் 1.75 அங்குல சாலை டயர் மாட்டிப் பாருங்கள், வேறு வண்டி போலிருக்கும். 700சி என்ற அளவுச் சக்கரத்தில் 38 மிமீ அகல டயர் நல்லது. உங்கள் சைக்கிளில் உள்ள 25 மிமீ டயர் நம் தெருக்களின் பள்ளம், மணல், இரும்பு மூடி எல்லாவற்றையும் நேராகக் கைக்கு அனுப்பும்.

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தத்தின் எல்லைகள் பிஎஸ்ஐ கணக்கில் அச்சிட்டிருக்கும். 55 கிலோ ஆளுக்கு அதன் மேல் எல்லை தேவையில்லை. 38 மிமீ டயரில் 45 போதும். பெட்ரோல் பங்கில் விரல் வைத்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லும் அளவுக்கு அடித்தால் சைக்கிள் துள்ளும், ஓட்டுபவருக்குப் பிடி நழுவும் உணர்வு வரும். வாரம் ஒருமுறை பார்த்து அடியுங்கள்.

முன்னால் சஸ்பென்ஷன் வேண்டுமா?

வேண்டாம். மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும். அந்த அமுங்கல்தான் "தூக்கிப் போடுது" என்ற பயத்தை வளர்க்கிறது. அகல டயர் அந்த வேலையைச் செய்துவிடும்.

சுடிதார், சேலையில் ஓட்டலாமா?

ஓட்டலாம். செயின் முழுக்க மூடிய கவரும், பின் சக்கரத்துக்கு, உடை சிக்காமல் தடுக்கும் டிரஸ் கார்டும் இருக்க வேண்டும். துப்பட்டாவை ஒரு பக்கத் தோளிலிருந்து குறுக்காகக் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். காற்றில் பறக்கும் துப்பட்டா ஸ்கூட்டரில் எவ்வளவு ஆபத்தோ சைக்கிளிலும் அவ்வளவு.

பெடல் அகலமாக, சொரசொரப்பாக இருக்கட்டும். ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் முடியுமா?

முடியும். நாமெல்லாம் கற்றுக்கொண்ட முறையை மட்டும் விட்டுவிடுங்கள். குரங்குப் பெடல் போட்டு, முட்டி பெயர்ந்து, அண்ணன் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து, சொல்லாமல் கையை விட்டு... பத்து வயதில் விழுந்தால் எழுந்து ஓடிவிடலாம். நாற்பத்தைந்தில் விழுந்தால் எக்ஸ்ரே.

இரண்டு பெடலையும் கழற்றுங்கள். 15 மிமீ ஸ்பானர் வேண்டும். இடது பெடல் மட்டும் எதிர்த்திசையில் கழலும், தெரியாமல் முறுக்கினால் மரை கெடும். சீட்டை, இரு உள்ளங்காலும் முழுதாகப் பதியும்வரை இறக்குங்கள். மிக இலேசான சரிவுள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். தரையைக் காலால் உந்தி உந்தி நகரட்டும். முதலில் நடப்பதுபோல, பிறகு நீளமான எட்டு, பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சில அடி. பார்வை முன் சக்கரத்தில் அல்ல, தூரத்தில் இருக்க வேண்டும். நாலைந்து நொடி காலைத் தூக்கிச் செல்ல முடிந்தால் பாலன்ஸ் வந்துவிட்டது. அதன்பின் ஒரு பெடல், அப்புறம் இரண்டு. நீங்கள் எதையும் பிடிக்க வேண்டாம். பிடித்தால் அவர் உடம்பு உங்கள் கையை நம்பும். கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருந்தால் போதும்.

நான்தான் ஓட்டுபவள். கணவர் 92 கிலோ, கல்லூரியோடு விட்டுவிட்டார். "லேடீஸ் சைக்கிள் எல்லாம் எனக்கெதுக்கு" என்கிறார்.

குழாய் சற்றே சரிந்த ஹைப்ரிட் ஃபிரேம் வாங்குங்கள், பேச்சு அடங்கிவிடும். அவருக்குக் கவனிக்க வேண்டியவை வேறு. வயிறு இருந்தால், ஹேண்டில்பார் தாழ்ந்திருக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் முட்டும். மூச்சு வாங்குவது அதனால்தான், வெளியே சொல்ல மாட்டார். ஹேண்டில்பாரை நன்றாக உயர்த்துங்கள். டயர் 40 மிமீக்குக் குறையாமல், காற்று அச்சிட்ட அளவின் மேல் எல்லையை ஒட்டி. பின் சக்கரத்தில் 36 கம்பி இருந்தால் நல்லது. வாங்கிச் சில வாரம் ஓடியதும் சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, கம்பிகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.

பெண்கள் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள் பாரமான கியரைப் போட்டு அழுத்தி மறைக்கிறார்கள். மறுநாள் முட்டி வலி. "அந்தக் கியர் வேணாங்க, செயின் தேயும்" என்று சொல்லிப் பாருங்கள். வண்டிக்காக என்றால் கேட்பார்.

சேர்ந்து போகும்போது நான் முன்னால் போகவா, பின்னால் போகவா?

வண்டி நடமாட்டம் உள்ள சாலையில் பின்னால், அரை வண்டி அகலம் வலப்பக்கம் தள்ளி. பின்னால் வரும் கார் முதலில் உங்களைப் பார்த்து விலகும், வேகத்தையும் முன்னால் போகும் துணையே தீர்மானிப்பார். தெரியாத சந்திப்பில் மட்டும் முன்னால் வந்து வழிகாட்டுங்கள். முன்னால் போய் ஐம்பது மீட்டர் தள்ளி நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்; அவர் வந்து சேர்ந்ததும் நீங்கள் இளைப்பாறியாகிவிட்டது, கிளம்பிவிடுவீர்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஹேண்டிலின் வலது நுனியில் ஒரு கண்ணாடி மாட்டிவிடுங்கள். புதிதாக ஓட்டுபவர் தலையைத் திருப்பினால் ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும். தண்ணீர், பூட்டு, பம்ப், டியூப் எல்லாம் உங்கள் வண்டியில். அவர் வண்டியில் பெல்லும் விளக்கும் போதும்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, விடிகாலை, தொடங்க நல்ல இடம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அவசரப்பட வேண்டாம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வர 90 கிலோமீட்டர் பக்கம் வரும். வெயில் ஏற ஏற கடல்காற்றும் எழும்பும். போகும்போது தெரியாத களைப்பு திரும்பும்போது தெரியும்.

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால்?

இருவர் வேகத்துக்கும் இடைவெளி மிக அதிகம் என்றால் நல்ல யோசனை. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் உரிமமும் தேவையில்லை. மிதித்தால் மட்டும் உதவும் வகை மேல். முறுக்கினால் பாயும் வகையில் புதியவர் கை பதறி முறுக்கிவிடுவார். 20 கிலோவுக்கு மேல் எடை என்பதை மறக்காதீர்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்றால் யார் தூக்குவது என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்?

சாலையோரக் கடையில் ஒட்டு போட்டுவிடுவார்கள். சிக்கல் டியூப் கிழிந்தால்தான். அந்தக் கடைகளில் 26 அங்குலமும், பழைய பால்கார சைக்கிளின் 28 அங்குலமும் இருக்கும். 700சி சக்கரத்தையும் சிலர் 28 என்றே சொல்வார்கள். ஆனால் டயர் உட்காரும் விட்டம் அதில் 622 மிமீ, பால்கார சைக்கிளில் 635. அவசரத்துக்கு அந்த டியூப் சமாளிக்கும், டயர் ஏறாது. எனவே சரியான அளவு டியூப் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

டியூப் வாங்கும்போது இருவர் வண்டிக்கும் ஒரே வகை வால்வாகப் பார்த்து வாங்குங்கள். கார், பைக்கில் இருக்கும் தடித்த வால்வு என்றால் எந்தப் பங்கிலும் காற்று அடிக்கலாம். உங்களுடையது மெல்லிய வால்வு, மாற்ற மனமில்லை என்றால், அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். பையில் போட்டால் தேவைப்படும் அன்று கிடைக்காது.